138 புள்ளியை வைத்து மட்டும் ஆர்சினோவை எடை போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்காவின் கிரினெல் கல்லூரி மாணவர் ஜாக் டெய்லர் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எண்ணில் பிழையில்லை. ஆனால் அவருடைய பயிற்சியாளர் டேவிட் ஆர்சினோவைச் சாதனைப் பித்துப் பிடித்தவராகக் காட்டி, இரண்டே வரியில் கடந்துபோயிருப்பது மனதை வருத்துகிறது. ஒரே சிறு கல்லூரியில் ஏறத்தாழ 30 ஆண்டு பயிற்சியளித்தவர் அவர். கூடைப்பந்துப் பயிற்சியில் இருக்கிற எவரும் அவருடைய முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

அயோவா மாநிலத்தில், கல்லூரியின் பெயரையே கொண்ட சிற்றூரில் இருக்கிறது கிரினெல். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் ஆடும் கல்லூரி. இந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்க விதியே இடம் தராது. ஆறே முக்கால் அடி உயரப் பையனைப் பணம் கொடுத்து இழுக்க முடியாது. படிப்புக்காக வருகிறவர்களை வைத்துத்தான் அணி கட்ட வேண்டும். ஆர்சினோ 1989இல் அங்கே சேர்ந்தபோது அணி பல்லாண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைவிடப் பெரிய தொல்லை பெஞ்ச். நாள்தோறும் பயிற்சிக்கு வந்துவிட்டு, ஆட்ட நாளில் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருக்கிற மாணவன் எத்தனை நாளைக்கு வருவான்?

40 நிமிட ஆட்டத்தில் களத்தில் ஐவர் என்றால், பங்கிடக் கிடைப்பது 200 நிமிடம். வழக்கமான அணியில் எட்டுப் பேர் அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆர்சினோ அதைப் பதினைந்து பேருக்குப் பிரித்தார். ஐந்தைந்து பேராக மூன்று குழு. ஐஸ் ஹாக்கியில் செய்வதுபோல, முக்கால் நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை ஐவரும் மொத்தமாக வெளியே, அடுத்த ஐவர் உள்ளே. உள்ளே இருக்கும் நேரம் முழுக்க மூச்சைப் பிடித்து ஓட வேண்டும். சராசரியாகப் பார்த்தால் ஆளுக்குப் பதின்மூன்று நிமிடம். ‘சிஸ்டம்’ என்று பேர் பெற்ற முறைக்கு அடித்தளம் இதுதான். 1990 வரை லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணியை ஓட ஓட ஆடவைத்த பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட்டிடமிருந்து வேகத்தை எடுத்துக்கொண்டு, இந்தக் குழு மாற்றத்தை அதோடு சேர்த்தார்.

கிரினெலின் வெற்றி தோல்விகளை அலசியதில் ஐந்து இலக்குகள் தேறின. ஓர் ஆட்டத்தில் 94 ஷாட், அதாவது கூடையை நோக்கி 94 எறிதல். அதில் பாதி, அதாவது 47, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து (அங்கிருந்து விழுந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி). தாம் தவறவிட்டதில் மூன்றில் ஒரு பங்கை ரீபவுண்ட் செய்து, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்து, மீட்பது. எதிரணியை 32 முறை பந்தை இழக்க வைப்பது. எதிரணியைவிட 25 ஷாட் கூடுதலாக எடுப்பது. ஐந்தும் ஒன்றுகூடிய நாளில் கிரினெல் தோற்பது அரிது.

ஏன் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புரியும். 47 மூன்று புள்ளி ஷாட்டில் மூன்றில் ஒன்று விழுந்தாலே ஏறக்குறைய 47 புள்ளி. மீதி 47இல் பாதி விழுந்தால் இன்னொரு 47. ஆகமொத்தம் 94. எதிரணிக்குக் கிடைப்பது 69 ஷாட்தான். அத்தனையும் கூடைக்குப் பக்கத்திலிருந்து எறிந்து நூற்றுக்கு அறுபது விழுந்தாலும் 82, 83 புள்ளியோடு நிற்கும். ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைச் சேர்க்காத கணக்கு இது. எதிரணிக்குச் சுலபமான லே-அப் (கூடைக்கு அருகே ஓடிவந்து போடும் ஷாட்) கொடுத்தும் ஜெயிக்க முடியும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அந்நாளில் ஒப்புக்கொண்டிருக்காது. என்.சி.ஏ.ஏ. முழுவதற்கும் மூன்று புள்ளிக் கோடு வந்ததே 1986-87இல்தான். அந்தக் கோட்டின் முழு மதிப்பை முதலில் கண்டுகொண்ட சிலரில் இவரும் ஒருவர்.

ஒரு குழு உள்ளே இருக்கும் அந்த முக்கால் நிமிடத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் மிச்சம் விளங்கும். கிரினெல் கூடை போட்டதும் யாரும் பின்னால் திரும்பி ஓடுவதில்லை. எதிரணி எல்லைக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போட்ட நொடியில், அதை வாங்கியவரை இருவர் ஓரத்தில் மடக்குவார்கள். அடுத்த இருவர் பாஸ் போகக்கூடிய வழிகளில் நிற்பார்கள். பின்னால் காவலுக்கு ஒரே ஒருவர். மடக்கும் இருவரின் வேலை பந்தைப் பிடுங்குவது அல்ல; கைகளை உயர்த்தி, முழங்காலோடு முழங்கால் நெருக்கி, இடைவெளியை அடைப்பது மட்டுமே. அவசரத்தில் தலைக்கு மேல் தூக்கிப் போடும் பாஸ்தான் அவர்களுக்கு வேண்டும். அதை வெட்டுவது பின்னால் நிற்கும் இருவர் பாடு.

மடக்கை மீறிப் பந்து போய்விட்டால்? எதிரணி எட்டு நொடியில் லே-அப் போட்டுவிட்டுப் போகட்டும். இரண்டு புள்ளி நஷ்டம்தான், ஆனால் பந்து உடனே கைக்கு வந்துவிடுகிறது. தற்காத்து நின்றால் எதிரணி அரை நிமிடத்தைத் தின்றுவிடும். பந்து வலைக்குள்ளிருந்து விழுந்ததும் ஒருவர் எடுத்துக் கோட்டுக்கு வெளியே போய் உள்ளே வீசுவார். பந்தை முன்னே கொண்டுபோகும் பாயிண்ட் கார்ட் வாங்கி ஓடுவார். எறிபவர்கள் தங்களுக்குரிய இடங்களுக்கு ஏற்கனவே ஓடியிருப்பார்கள். பன்னிரண்டு நொடிக்குள் ஷாட் போயாக வேண்டும். அது தவறினால் கூட்டமாக ரீபவுண்டுக்குப் பாய்வார்கள், ஏனென்றால் அடுத்த மடக்கு தொடங்குவதும் அதே இடத்தில்தான்.

பார்த்துச் செய்ய நினைப்பவர்கள் வழுக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, பாதி முறையை மட்டும் எடுத்துக்கொள்வது. ‘ஃபுல் கோர்ட் பிரஸ் போடு’, அதாவது களம் முழுக்க எதிரணியை நெருக்கு, என்று சொல்லிவிட்டு அதே ஏழு பேரை ஓட்டினால், முதல் பாதி முடியுமுன்பே கால் சோர்ந்துவிடும். மடக்க வருபவர் அரை அடி தாமதிப்பார், கை நீளும், ஃபவுல். ஐவரை மாற்றுவது இந்த முறைக்கு அலங்காரம் அல்ல, எரிபொருள்.

இரண்டாவது, மாற்றும் நேரம். ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறலாம். கூடைப்பந்தில் கடிகாரம் நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் விசில் ஊதாமலே ஆட்டம் போனால் உள்ளே இருக்கும் குழு துவண்டுபோகும். அப்போது ஒரு ஃபவுலைக் கொடுத்தாவது நிறுத்தத் தெரிய வேண்டும். ஐந்து ஃபவுலில் ஒருவர் வெளியேறினாலும் பதினைந்து பேர் இருப்பதால் தாங்கும். ஏழு பேர் அணியால் தாங்க முடியாது.

மூன்றாவது, எதிரணியின் பொறுமை. ஓரத்தில் மடக்கப்படுமுன் நடுக்களத்தில் நிற்கும் உயரமான ஆளுக்குப் பந்தைக் கொடுத்து, லே-அப் ஆசையை அடக்கிக்கொண்டு, பந்தை வெளியே இழுத்து ஷாட் கிளாக் (ஷாட் எடுக்க விதி தரும் நேரம்) தீரும்வரை பிடித்து வைக்கிற அணியிடம் கிரினெல் திணறியிருக்கிறது. வேகத்தில் மயங்கித் தானும் ஓட ஆரம்பிக்கிற அணிதான் சிக்கும். அப்புறம், எறிவது விழாத நாள் என்று ஒன்று உண்டு. 47இல் மூன்றிலொன்றுக்குப் பதில் கால் பங்குதான் விழுந்தது என்றால் பத்துப் புள்ளிக்கு மேல் காணாமல் போய்விடும். 2005 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டத்தில் பெலாய்ட் கல்லூரியிடம் 85-86 என்று தோற்றார்கள். நூறைத் தாண்டுவதே வழக்கமான அணிக்கு 85 என்பது குறைவு.

இத்தனைக்கும் நடுவில் கிரினெல் ஆடும் வட்டாரப் போட்டியான மிட்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் பட்டம் 1996, 2001, 2003 என மூன்று முறை வந்தது. பல பருவங்களில் நாட்டிலேயே அதிக சராசரிப் புள்ளி எடுத்த கல்லூரி அணி கிரினெல்தான். ஆர்சினோவின் மகனும் இதே முறையில் வளர்ந்தவர்; மாணவராக 2007இல் ஒரே ஆட்டத்தில் 34 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார். பின்னாளில் என்.பி.ஏ. அணியான சாக்ரமெண்டோ கிங்ஸின் அன்றைய துணை அணி ரீனோ பிக்ஹார்ன்ஸ் அவரைப் பயிற்சியாளராக்கித் தொழில்முறை ஆட்டத்திலும் இதைச் சோதித்துப் பார்த்தது. 2018இல் தந்தை விலக, கிரினெல் அணி மகன் கைக்கு வந்தது.

இனி, நீங்கள் எழுதிய 138. அது 2012 நவம்பர் 20 அன்று நடந்தது. எதிரணி ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரி, என்.சி.ஏ.ஏ.வில் இல்லாத ஒரு சிறு கல்லூரி. டெய்லர் 108 ஷாட் எடுத்து 52 போட்டார்; அதில் 71 மூன்று புள்ளி ஷாட்டுக்கு 27; ஃப்ரீ த்ரோ 7. களத்தில் நின்றது 36 நிமிடம். ஆட்டம் 179-104 என முடிந்தது. 1954இல் பெவோ பிரான்சிஸ் எடுத்த 113 புள்ளி என்ற கல்லூரிச் சாதனை முறிந்தது. அதே ஆட்டத்தில் எதிரணியின் டேவிட் லார்சன் 44 ஷாட்டில் 34 போட்டு 70 புள்ளி எடுத்ததை உங்கள் கட்டுரை சொல்லவில்லை. அந்த 70தான் இந்த முறையின் கையெழுத்து: மடக்கு, அது தப்பினால் லே-அப்.

வலுக்குறைந்த அணியிடம் இப்படி எடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. என் பார்வையில் அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. பதினைந்து பேர் பங்கு போட வேண்டிய ஆட்டத்தில் ஒருவர் 36 நிமிடம் நின்றார். ஆர்சினோவின் முறையை ஆர்சினோவே தளர்த்திய இரவு அது. அதைக் குறையாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஓர் இரவைக் கொண்டு, முழுவதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய மாணவர்களைப் பருவத்துக்குப் பருவம் களத்தில் ஓடவைத்த மனிதரைக் கேலிப்பொருளாக்கக் கூடாது.

நம் ஊர்க் கல்லூரிகளில் இதை முயல நினைக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி. பட்டியலில் 12 பேருக்குத்தான் இடம். மூன்று முழுக் குழு கிடைக்காது. இரண்டு குழுவும் இரண்டு உபரியும் என்று அமைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கால் பகுதி ஒன்றில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ போய்விடும். ஃபவுல் கொடுத்து ஆட்டத்தை நிறுத்துகிற வசதி அதோடு சுருங்கிவிடுகிறது. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர். கிரினெல் பட்டங்களை வென்ற காலத்தில் அவர்களுக்கு அது 6.02 மீட்டர்தான், ஆகவே அதே விழுக்காட்டை எதிர்பார்க்க முடியாது. நமக்குச் சாதகமும் உண்டு: எதிரணி எட்டு நொடியில் பாதிக் களத்தைக் கடந்தாக வேண்டும், அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அதற்குப் பத்து நொடி. மடக்குக்கு இந்த இரண்டு நொடி பெரிய வரம். ஷாட் கிளாக்கும் 24 நொடிதான் என்பதால் பந்தைப் பிடித்து வைக்கிற அணிக்கும் அவகாசம் குறைவு.

முதலில் முறையை மாற்ற வேண்டாம். அடுத்த மூன்று ஆட்டத்தில் பெஞ்சில் இருக்கும் ஒரு மாணவரிடம் தாளைக் கொடுத்து, இரு அணியின் ஷாட்டுகளையும் எதிரணி பந்தை இழந்த தடவைகளையும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். 94க்கும் 32க்கும் உங்கள் அணி எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்