மூவாயிரம் ரூபாய் விளையாட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையில், "மாதம் மூவாயிரத்தை அகாடமிக்கு ஒதுக்கப் பெற்றோர் கணக்குப் பார்க்கக் கூடாது" என்று ஒரு வரி. எழுதியவருக்குக் கணக்குப் பார்க்காமல் வாழும் பாக்கியம் வாய்த்திருக்கிறது. நன்றாக இருக்கட்டும். நான் வீட்டில் பிளவுஸ் தைப்பவள். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார்.

மூவாயிரத்தோடு முடிந்தாலாவது பரவாயில்லை. பெரியவனைச் சேர்க்கலாம் என்று ஒரு கால்பந்து அகாடமிக்குப் போய் விசாரித்தோம். சேர்க்கைக் கட்டணம் தனி. ஜெர்சியை அவர்களிடமே வாங்க வேண்டும். டோர்னமென்ட் என்றால் என்ட்ரி ஃபீஸ், வேன் காசு. ஸ்டட் ஷூ நம் பொறுப்பு. பெரியவனுக்கு எடுத்த ஷூதான் இப்போது சின்னவன் காலில் கிடக்கிறது. அடியில் குமிழ்கள் பாதி தேய்ந்துவிட்டன, பக்கவாட்டில் நைலான் நூல் தையல். அவனுக்கு அது பெரிசு என்பதால் நுனியில் பேப்பர் திணித்து அனுப்புகிறேன். உங்கள் இணைப்பிதழ் வழவழவென்று இருப்பதால் அதற்கு ஆகாது. மெயின் பேப்பர்தான் நன்றாக அடைகிறது.

பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடப்பதாகவும் அதே கட்டுரையில் அங்கலாய்ப்பு. ஒரு சாயங்காலம் வியாசர்பாடிப் பக்கம் வந்து பாருங்கள் ஐயா. எங்கள் ஏரியாவைக் 'குட்டி பிரேசில்' என்று எழுதுவது நீங்கள்தானே! இந்தியாவுக்குக் கால்பந்து ஆடிய நந்தகுமார் சேகர் எங்கள் பிள்ளைதான். இங்கே பசங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பந்து வாங்குகிறார்கள். அது அப்பார்ட்மென்ட் காம்பவுண்டுக்குள் விழுந்தால் வாட்ச்மேன் தரமாட்டார். பூங்காவில் 'பந்து விளையாடத் தடை' போர்டு. தெருவில் ஆடினால் காரில் படும் என்று சண்டை. செல்போன்தான் யார் வீட்டுக் கார் கண்ணாடியையும் உடைப்பதில்லை.

2024 தீபாவளி சமயம் நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானமே போட்டார்கள். என் இரண்டு பையன்களும் ஒரு மணி நேரம் ஓடினால் 240 ரூபாய்! எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் வாங்கிவிட்டார்கள், சரி. ஆனால் அப்படி ஒரு யோசனை வந்ததே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சின்னவன் படிக்கும் தனியார் பள்ளியில் வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் ஃபீஸுக்கு ரசீது தருகிறார்கள். மைதானம் என்று காட்டுகிற இடத்தில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. பி.டி. பீரியடில் கணக்குப் பாடம். பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறதாம். அட்டவணையில் இருந்து என்ன? ஊராட்சிகளுக்கு அரசாங்கம் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது, நல்ல காரியம். செய்யாறு பக்கம் என் தங்கை ஊரில் வாலிபால் வலை கவர்கூடப் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் ஆடி வந்தபோது எல்லாப் பத்திரிகையும் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றது. ஜெயித்து வந்த பிறகு வருகிறீர்கள். அதற்கு முன்னால், ஷூவுக்கு வழியில்லாமல் பாதியில் நின்றுபோகிற பிள்ளைகள் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

இவ்வளவும் எழுதிவிட்டு நான் கேட்கப்போவது சின்ன உதவிதான். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அரசுப் பள்ளி. உள்ளே நல்ல மண் மைதானம். சனி, ஞாயிறும் கோடை விடுமுறையும் கேட்டில் பூட்டு. ஹெச்.எம்.மைக் கேட்டால் ஆபீஸில் கேளுங்கள் என்கிறார். ஆபீஸில் கேட்டால் ஹெச்.எம். முடிவு என்கிறார்கள். உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்று விசாரித்துப் போடுங்கள். நாலு மணியிலிருந்து ஆறரை வரை திறந்துவிட்டால் போதும். கோல்போஸ்ட்டுக்குப் பையன்களே செங்கல் வைத்துக்கொள்வார்கள்.

இடம் போதாதென்றால் ஷூ கதையை வெட்டிவிடுங்கள். கேட் விஷயத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39