காலை உருளைக்கிழங்கு வறுவல் பற்றி

ரங்கூன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பூரிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ள வைக்கும் உருளைக்கிழங்கு வறுவல் முன்போல மொறுமொறுவென்று இல்லை, அளவும் குறைந்துவிட்டது என்று பலரும் கேட்கிறீர்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்கத்தானே என்று ஒரு பெரியவர் சிரித்தபடியே கேட்டார். மிச்சமாவது உண்மைதான், மறைக்கவில்லை. அந்தப் பணம் பயறு வாங்கச் செலவாகிறது.

கிழங்கின் மேல் குற்றமில்லை. ஷான் மலையில் ஹேஹோ, அவுங்பான் பக்கமிருந்து வரும் கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அவித்த கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 87 கலோரி. கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். பொட்டாசியம் நிறைய, வைட்டமின் சி ஓரளவு. அதையே நறுக்கி எண்ணெயில் முக்கிப் பொரித்தால் தண்ணீர் ஆவியாகி எண்ணெய் ஏறுகிறது. அப்போது அதே 100 கிராமில் 300 கலோரியும் 15 கிராம் கொழுப்பும் வந்துவிடும். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய் உட்காருகிறவர் வயிற்றுக்கு அது பாரம்.

அதனால் இப்போது தோலோடு அவித்து, ஆறவிட்டு, உரித்து, கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டுத் தோசைக்கல்லில் பிரட்டுகிறோம். தோலோடு அவித்தால் சத்து தண்ணீரில் கரைவது குறையும். ஆறிய கிழங்கில் மாவுச்சத்தில் சிறிது எளிதில் செரிக்காத வகையாக மாறி, நார்ச்சத்துபோல வேலை செய்யும். சர்க்கரை உள்ளவர்கள் இதை நம்பி இரண்டு தட்டு கேட்க வேண்டாம், மாற்றம் சிறியதுதான்.

கருகலாகக் கேட்டால் தர மாட்டோம். 120 டிகிரிக்கு மேல் கிழங்கு பொரியும்போது அக்ரிலமைடு என்ற, உடலுக்கு ஆகாத பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும். குளிர்பெட்டியில் வைத்த கிழங்கில் சர்க்கரை ஏறிச் சீக்கிரம் கறுக்கும் என்பதால் நாங்கள் சாக்கிலேயே வைக்கிறோம்.

அளவு குறைந்ததற்குக் காரணம் வேறு. பூரியும் மாவு, தோசையும் பெரும்பாலும் மாவு, கிழங்கும் மாவு. அதனால் பாதிக் கிழங்கை எடுத்துவிட்டு, பெபியோ என்ற, முளைகட்டி அவித்த பர்மியப் பயறு ஒரு கரண்டி வைக்கிறோம். புரதம் அதில்தான் அதிகம். பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டும் உண்டு.

சிறுநீரகத்துக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருந்தால், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள்; கிழங்கில்லாமல் சட்னி மட்டும் தருகிறோம்.

விலை மாறவில்லை. ஞாயிறு காலை மட்டும் முன்போல எண்ணெயில் பொரித்த வறுவல் உண்டு, தீரும் வரை.

இப்படிக்கு,
கடைக்காரர்