தட்சிணசித்ராவில் எங்களோடு நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் பொங்கல் விழாவில் பறையாட்டம் ஆடக் கிளம்பி வந்த வழியில் எங்கள் குழுவின் வேனுக்கு நேர்ந்த விபத்து இதற்குள் உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரிந்திருக்கும். அதை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை. அடிபட்ட எங்கள் பையன்கள் இருவரும் தேறி வருகிறார்கள். சின்னவன் நேற்று எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான், அப்புறம் கட்டிலின் கம்பியில் விரலால் தாளம் போட்டான். அவன் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். இப்போதைக்கு எங்களுக்கு அது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஏராளம். நள்ளிரவில் போன் போட்டதும் ரத்தம் கொடுக்க ஓடி வந்தவர்கள், மருத்துவமனை வராந்தாவில் எங்களோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள், எங்கள் பறைகள் உடைந்த செய்தி கேட்டுத் தங்கள் பறைகளை பைக்கில் கட்டிக்கொண்டு வந்த சென்னைத் தம்பிகள், சலங்கை தந்த தங்கச்சி, வாடகை வாங்க மறுத்த வேன்காரர், ‘உங்களால் முடிந்தால் ஆடுங்கள், முடியாவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொன்ன விழா ஒருங்கிணைப்பாளர்கள். யாரையும் மறக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவோம்.

ஆனால் ஒருவரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வளாகத்தில் துப்புரவுப் பணி பார்க்கும் அக்கா. அக்கா என்றே எழுதுகிறேன்.

பறை அடிப்பவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டிய தோல் அது. ஈரக்காற்று பட்டாலே தொய்ந்துவிடும். அடித்தால் ‘தொப்’ என்று கேட்கும், அவ்வளவுதான். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் தீ மூட்டிக் காய்ச்சுவோம். சூடு ஏற ஏறத் தோல் விறைத்து, விரலால் சுண்டினாலே கணீரென்று பேசும். அன்றைக்கு தட்சிணசித்ரா இருக்கும் முட்டுக்காட்டில் இறங்கியபோது அகால மழை. தார்ப்பாய்க்குள் சுற்றி வைத்தும் இரவல் பறைகள் அத்தனையும் நனைந்துவிட்டன. தீ மூட்டவும் வழியில்லை. ஓலைக் கூரையும் நூறு வருடத்து மரத்தூணும் இருக்கிற இடத்தில் வைக்கோலைக் கொளுத்த நாங்களே துணிய மாட்டோம்.

தட்சிணசித்ராவுக்குப் போனவர்களுக்கு அந்த இடம் கண்ணில் நிற்கும். தெற்கின் நான்கு மாநிலங்களிலிருந்தும் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, உத்திரம் உத்திரமாகப் பிரித்து லாரியில் ஏற்றி வந்து, தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து மறுபடி எழுப்பிய ஊர் அது. டெபோரா தியாகராஜன் அம்மையார் 1984-ல் தொடங்கிய அமைப்பு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த வளாகம், 1996 டிசம்பரில் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு ஒரு பக்கம், கேரளத்து மரவீடு ஒரு பக்கம், திருநெல்வேலிச் சீமையின் அக்ரகார வீடு இன்னொரு பக்கம்.

நாங்கள் ஒதுங்கியது அந்த அக்ரகார வீட்டுத் திண்ணை ஓரத்தில். ஒதுங்கினோம் என்றால், கூரைக்கு அடியில் உடம்பும் மழையில் பறையும் இல்லை. பறைகளைக் கூரைக்கு அடியில் வைத்துவிட்டு நாங்கள் நனைந்துகொண்டிருந்தோம். கையில் துடைப்பத்தோடு வந்த அக்கா எங்களைப் பார்த்தார், பறைகளைப் பார்த்தார். “தோலு நனைஞ்சா சத்தம் வராதேப்பா” என்றார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு பறையை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு, முந்தானையால் தோலைத் துடைக்க ஆரம்பித்தார். அழுத்தித் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்புக்கு, குழந்தைக்குத் தலை துவட்டுவது போல. ஒன்று முடிந்ததும் அடுத்தது. முந்தானை நனைந்ததும் பிழிந்துவிட்டு மறுபடியும்.

என் தாத்தாவும் பறை அடித்தவர்தான். அவர் பறையை எங்கள் தெருவுக்கு வெளியே யாரும் தொட்டதில்லை. சாவுக்கும் திருவிழாவுக்கும் அது வேண்டும். அடிக்கிறவன் தெருக்கோடியில் நிற்க வேண்டும். கூலியைக்கூட எட்டி நின்று போடுவார்கள் என்று அப்பா சொல்வார். அக்ரகாரத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. ஐந்நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையைச் சேர்த்துவைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கருவியைத் தோளில் மாட்டியதற்காகத்தான் என் தாத்தா காலமெல்லாம் ஒதுங்கி நின்றார். அந்தத் திண்ணையில், யாரென்றே தெரியாத ஒருவர் தன் சேலையால் எங்கள் பறையைத் துடைக்கிறார். அவருக்கு இதெல்லாம் மனதில் ஓடியிருக்குமா, எனக்குத் தெரியாது. எனக்கு ஓடியது. பையன்களை நினைத்து அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அங்கேதான் வெளியே வந்தது.

அதோடு விடவில்லை அக்கா. “வாங்க என்கூட” என்று சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளே தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. தோசை மாஸ்டரிடம் இரண்டு வார்த்தைதான் பேசினார். அந்த அண்ணன் எங்களை நிமிர்ந்து பார்த்தார், கல்லில் இருந்த தோசையைத் திருப்பி எடுத்தார், தென்னந்துடைப்பத்தால் தண்ணீர் தெளித்துக் கல்லைச் சுத்தமாக்கினார். “ம், கொண்டாங்க” என்றார். கல்லுக்கு ஒரு முழம் மேலே தோல் கீழ்நோக்கியிருக்கும்படி பறையைப் பிடித்து மெல்லச் சுற்றினோம். ஆவி கிளம்பியது. தோலின் மங்கல் விளிம்பிலிருந்து உள்நோக்கி வெளுத்துக்கொண்டே வந்தது. சுண்டிப் பார்த்தேன். பேசியது! சமையற்கட்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அத்தனை பறையும் காயும்வரை தோசைக்காகக் காத்திருந்த குடும்பங்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி.

மாலையில் மழை விட்டது. முதலில் ஒத்தையடி, பிறகு சாமிச்சாட்டு அடி, கடைசியில் வாழ்த்தடி என்று ஒவ்வொரு தாளமாக அடித்தோம். வழக்கமாகப் பெரியவன் நிற்கும் இடத்தை வெறுமையாக விட்டே ஆடினோம். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒரு சிறுமி அந்த இடத்தில் வந்து நின்று குதிக்க ஆரம்பித்தாள், அப்புறம் கூட்டமே இறங்கிவிட்டது.

அருங்காட்சியகங்கள் பலவற்றில் எங்கள் கருவிகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள், பெயர்ச்சீட்டோடு, தோல் வெடித்துக் கிடக்கும். பார்க்கப் பொறுக்காது. கருவியோடு அடிக்கிற ஆளையும் அழைத்து, முற்றத்தில் நிறுத்தி, முழு மாலையையும் கொடுக்கிற இடங்கள் குறைவு. அப்படி இருக்கிற இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், அங்கே ஆடுகிறவர்களிடம் நின்று பேசுங்கள். 2025-ல் பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் தெருவில் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். அந்தச் சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை அக்காவின் நனைந்த முந்தானை தந்த சந்தோஷம்.

கிளம்பும்போது அக்கா கையில் கொஞ்சம் பணம் வைக்கப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எம் பொண்ணுக்கு இதக் கத்துக்குடுப்பியா?” என்று மட்டும் கேட்டார். கற்றுக்கொடுப்பேன். அவளுக்கு மட்டுமல்ல, இனி எங்களிடம் கேட்டு வரும் எந்தப் பெண்பிள்ளைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டோம். காசும் வாங்க மாட்டோம். இதைக் குழுவில் எல்லோரும் கூடி முடிவு செய்திருக்கிறோம். அக்கா மகளின் கைக்கு அடங்கும் அளவில் ஒரு பறைக்குச் சட்டம் செய்யச் சொல்லியாயிற்று. பறையை அடிக்கிற இரண்டு குச்சிகளான சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் நானே சீவித் தருகிறேன்.

இரவல் தந்த தம்பிகளுக்கு: உங்கள் பறைகள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில் மட்டும் விளிம்பில் தோல் லேசாக விட்டிருக்கிறது, புதுத்தோல் கட்டித் தருகிறோம். மற்றவற்றை இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம். சாப்பிடாமல் யாரும் கிளம்பக் கூடாது, கறிக்குழம்பு வைக்கிறோம்.