நாற்காலி இரண்டு போடுங்கள், டாக்டர்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கு,

வணக்கம். கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று மேமோகிராம் உறையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசினார் உங்களில் ஒருவர். வெளியே வந்த வீட்டுக்காரர், "மார்பை முழுசா எடுத்துடணுமாம்" என்றார். மறுநாள் நர்ஸம்மா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கட்டி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆபரேஷன் முடிந்து, குழாயில் வடியும் நீர் சேரும் பாட்டிலை மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வார்டில் நடந்தபோதுதான் பக்கத்துக் கட்டில் அக்கா சொன்னார்: "எனக்குக் கட்டிய மட்டும்தான் எடுத்தாங்க. அப்புறம் கரண்ட் வைக்கணும்." அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

உங்களுக்கு இது பழைய சேதி. கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு (அக்கா சொன்ன 'கரண்ட்') கொடுத்தாலும், முழு மார்பை எடுத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருடம் பார்த்து, 2002-லேயே எழுதிவிட்டார்கள். அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்; அதையும் சேர்த்தே சொல்லுங்கள். எல்லோருக்கும் இது ஒத்துவராது, சரி. ஒரே மார்பில் அங்கங்கே கட்டி இருந்தால், முன்பே கதிர்வீச்சு வாங்கியிருந்தால், முழுதாக எடுக்க வேண்டி வரலாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை.

நோய் முதலில் பரவக்கூடிய அக்குள் நெறிக்கட்டிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) மொத்தமாக வழித்து எடுத்தார்கள். நீலச் சாயம் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்த்து, நோய் இல்லையென்றால் மிச்சத்தை விட்டுவிடலாமாம். என்னுடையது ஒன்றில்கூட நோய் இல்லை என்றுதான் ரிப்போர்ட் வந்தது. அவற்றை எடுத்ததால் இடது கை வீங்கி, இப்போது வளையல் ஏறுவதில்லை.

சொல்லியிருந்தாலும் முழுதாக எடுக்கவே நான் சம்மதித்திருப்பேனோ என்னவோ. மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு பஸ் மாறிப் போய்க் கரண்ட் வைத்து வரவேண்டும். மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது? ஆனால் அந்தக் கணக்கை நான் போட்டிருக்க வேண்டும்.

எடுத்தாலும் முதுகுச் சதையையோ வயிற்றுச் சதையையோ வைத்து மார்பைத் திரும்ப அமைக்கலாம் என்பதையும் முன்னாலேயே சொல்லுங்கள். யோசிக்க இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அதற்குள் நோய் எங்கும் ஓடிவிடாது. வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. பெஞ்சில் இருப்பவளையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருபவள்