தீக்கோழிச் சத்திரத்துப் பேய்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் பேய் உலவும் சத்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லண்டனுக்கு மேற்கே உள்ள கோல்ன்புரூக் ஊரின் ஆஸ்ட்ரிச் (தீக்கோழி) சத்திரத்தில் அறுபது பேர் கொல்லப்பட்டதை நடந்த சம்பவமாகவே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அது கதை. பட்டு நெசவாளராக இருந்து எழுத்தாளரான தாமஸ் டெலோனி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒரு நூலில் வருவது.

அருமையான கதைதான், மறுக்கவில்லை. பணக்கார வழிப்போக்கன் வந்தால் சத்திரக்காரன் ஜார்மன், ‘கொழுத்த பன்றி ஒன்று இருக்கிறது’ என்று மனைவியிடம் சொல்வான். ‘நாளை வரை பட்டியில் அடைத்து வையுங்கள்’ என்பாள் அவள். சமையலறைக்கு நேர் மேலே அறை. தரையோடு சேர்த்து ஆணியடித்த கட்டில். நள்ளிரவில் கீழேயிருந்து இரண்டு இரும்பு முளைகளை உருவினால், தூங்குகிறவன் கொதிக்கும் கொப்பரைக்குள் தலைகுப்புற விழுவான். துணி வியாபாரி தாமஸ் கோல் அப்படித்தான் செத்தார்.

ஆனால் டெலோனியின் சத்திரத்துப் பெயர்ப்பலகையில் இருப்பது நாரை, தீக்கோழி அல்ல. அதைவிட முக்கியம், அந்த வீட்டை எரித்துவிடவும், அந்த மண்ணில் இனி யாரும் கட்டக்கூடாது என்றும் 12ஆம் நூற்றாண்டு மன்னர் முதலாம் ஹென்றி ஆணையிட்டதாகக் கதையே சொல்கிறது. இன்று நிற்கும் மரச்சட்டக் கட்டடமோ அவர் காலத்துக்குச் சுமார் நானூறு ஆண்டுகள் பிந்தியது. அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் கோலின் ஆவி வழி தவறி வந்துவிட்டதா?

கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன குதிரைவண்டிக் காலம்தான் எனக்குச் சுவையாகப் படுகிறது. கோல்ன்புரூக், லண்டனிலிருந்து பாத் நகர் வழியாகப் பிரிஸ்டலுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1784 ஆகஸ்ட் 2 அன்று மாலை 4 மணிக்குப் பிரிஸ்டலில் கிளம்பிய முதல் தபால் வண்டி, இரவெல்லாம் அந்தச் சாலையில் ஓடி மறுநாள் காலை 8 மணிக்கு லண்டன் சேர்ந்தது. வழிநெடுகக் குதிரை மாற்றவும், பயணிகள் சாப்பிடவும் படுக்கவும் சத்திரங்கள் வேண்டியிருந்தன. காசுள்ள பயணிக்கு உண்மையான ஆபத்தும் கட்டிலில் இல்லை. பக்கத்து ஹவுன்ஸ்லோ பொட்டலில், வழிப்பறிக் கொள்ளையர் உருவில், துப்பாக்கியோடு குதிரைமேல் காத்திருந்தது. 1841இல் லண்டன்–பிரிஸ்டல் ரயில் பாதை முழுமையாகத் திறந்ததும் இந்த வண்டிப் போக்குவரத்து படுத்துவிட்டது. வண்டி நின்ற பிறகு சத்திரத்துக்கு ஆள் இழுக்கப் பேயைப் போல மலிவான விளம்பரம் வேறு ஏது?

பேய்க்கதைகளைத் தாராளமாக வெளியிடுங்கள், விரும்பிப் படிப்பேன். எந்தக் கதை எந்த நூலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்
கோயம்புத்தூர்