மயக்கத்தையும் வாந்தியையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்டி முதல் பாம்பன் வரை, வளைகுடாவுக்கும் கப்பல் வேலைக்கும் கிளம்புகிற இளைஞர்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்கிறார்கள். அங்கே ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு 'அப்', 'அவுட்' போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தருவது) என்றால் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியல், மனப்பாடம். ஆள் சுருண்டு விழுகிற நேரத்தில் பட்டியல் வாயில் வராது.

தடுமாற்றம் நம் வாக்கிய அமைப்பில் தொடங்குகிறது. 'எனக்கு வாந்தி வந்தது', 'அவருக்கு மயக்கம் வந்தது' என்கிறோம்; எழுவாய் வாந்தியும் மயக்கமும்தான். ஆங்கிலத்தில் ஆளே எழுவாய்: 'ஐ த்ரூ அப்', 'ஹி பாஸ்டு அவுட்'. இடையில் 'வாஸ்' வேண்டாம். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு, ஒரு சம்பவத்தை எடுத்து நடந்த வரிசையில் பழக்க வேண்டும். கடலில் சொறி (ஜெல்லி மீன்) பட்டவரையே எடுத்துக்கொள்ளலாம். கை வீங்கியது: 'ஹிஸ் ஹேண்ட் ஸ்வெல்டு அப்'. உடம்பெல்லாம் தடித்தது: 'ஹி ப்ரோக் அவுட் இன் எ ராஷ்'. வலியில் சுருண்டார்: 'ஹி டபுள்டு அப்'. அதன்பின் வாந்தி, மயக்கம். நினைவு திரும்பியது: 'ஹி கேம் ரவுண்ட்'. எல்லாம் இறந்தகாலத்திலேயே இருக்கட்டும். மருத்துவரிடம் சொல்வது பெரும்பாலும் நடந்து முடிந்ததைத்தான். த்ரோ-த்ரூ, ப்ரேக்-ப்ரோக், கம்-கேம் ஆகிய மூன்றையும் தனியாக உருப்போட வேண்டும்.

பின்னால் வரும் சிறு சொல்லை விழுங்குவதும் மாற்றுவதும்தான் ஆபத்து. 'பாஸ்டு அவே' என்றாலோ, 'அவுட்' கேட்காமல் வெறும் 'பாஸ்டு' என்றாலோ, ஆள் இறந்துவிட்டார் என்று பொருளாகும். 'த்ரூ அவுட்' என்றால் எதையோ தூக்கி எறிந்ததாகிவிடும். ஆகவே அழுத்தம் 'அவுட்', 'அப்' மேல் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று: படிப்பை முடித்ததை நம் ஊரில் 'பாஸ் அவுட்' என்கிறோம். 'ஐ பாஸ்டு அவுட் லாஸ்ட் இயர்' என்றால் வெளிநாட்டு நர்ஸ், போன வருடம் மயங்கி விழுந்தீர்களா என்றுதான் விசாரிப்பார். அங்கே 'கிராஜுவேட்டட்' என்பதே நல்லது.

கேள்வியையும் சேர்த்தே பழக்குங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் நர்ஸாகக் கேட்கட்டும்: 'ஹவ் லாங் வாஸ் ஹி அவுட்?' வெளியே எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தார் என்கிறார். பதில் நிமிடக் கணக்கில் வரவேண்டும்: 'அபௌட் டூ மினிட்ஸ்.'

இப்படிக்கு,
ஆங்கிலப் பயிற்றுநர்கள் சிலர்,
மண்டபம்