ஆய்வாளர்களுக்கு ரகசியம் காக்கும் குறைதீர்ப்பாளர் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிகளுக்குப் பிறகு, பல பல்கலைக்கழகங்களின் இணையதளத்தில் குறைதீர்ப்பாளர் பெயர் ஏறிவிட்டது. முனைவர் பட்ட ஆய்வாளர்களின் சிக்கலும் அதோடு முடிந்தது என்று நிர்வாகங்கள் இருந்துவிடுகின்றன. அந்த விதிப்படி முதலில் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் தர வேண்டும். குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தரும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவர் 30 நாட்களில் முடிக்க வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைப்பது, கூடுதல் கட்டணம் வசூலிப்பது போன்றவற்றுக்கு இது நல்ல வழிதான்.

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான நெறியாளரோடு வரும் பிணக்குக்கு இது உதவாது. உதவித்தொகைக்கான மாதாந்திர உறுதிச்சான்று, ஆறு மாத முன்னேற்ற அறிக்கை, ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸ், ஆய்வேட்டுத் தேர்வாளர் பட்டியல் எல்லாமே அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்ளவும் பல இடங்களில் அவரிடமே தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. மூன்று பேர் இருக்கும் ஆய்வகத்தில் பெயர் போடாமல் எழுதினாலும் ஆள் யாரென்று அன்று மாலையே தெரிந்துவிடும். முனைவர் பட்டம் முடித்தபின் ஒப்பந்தத்தில் ஆய்வு செய்யும் போஸ்ட் டாக் ஆய்வாளர்கள் நிலை இன்னும் மோசம். அவர்கள் மாணவருமல்லர், நிரந்தர ஊழியருமல்லர். இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த வேலைக்கு அதே பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம்தான் வேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே தனி அலுவலகம் உண்டு. சர்வதேச ஆம்பட்ஸ் (குறைதீர்ப்பாளர்) சங்கம் வகுத்த சுதந்திரம், நடுநிலை, முறைசாராத் தன்மை, ரகசியம் ஆகிய நான்கும் அதன் அடிப்படை. அங்கே புகார் மனு கிடையாது, கோப்பு கிடையாது. வந்தவர் சொல்வதைக் கேட்டு, எந்த விதி பொருந்தும், என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் என்ன ஆபத்து என்று பிரித்துச் சொல்வார்கள். நெறியாளருக்கு அனுப்பவேண்டிய மின்னஞ்சலைக் கூடவே உட்கார்ந்து திருத்தித் தருவதும் உண்டு. வந்தவர் சம்மதித்தால் மட்டுமே மறுதரப்போடு பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் குறிப்புகளைக் கிழித்துவிடுவார்கள். யாருக்காவது கடும் தீங்கு நேரும் உடனடி ஆபத்து என்றால் மட்டும் இந்த ரகசியம் தளரும்.

நம் பல்கலைக்கழகங்கள் இதைத் தொடங்கினால் சறுக்கும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதே வளாகத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியரை நியமித்தால் அவரிடம் படித்தவர்கள்தான் இன்று துறைத் தலைவர்களாக இருப்பார்கள். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். குறைதீர்ப்பாளர் வெளியாளாக, வேறெந்தக் குழுவிலும் இல்லாதவராக, துணைவேந்தருக்கு நேரடியாகப் பொறுப்பானவராக இருக்க வேண்டும். அறை நிர்வாகக் கட்டடத்தில் வேண்டாம். நூலகத்தின் ஒரு மூலை போதும். வாசலில் வருகைப் பதிவேடு வைத்தால் திட்டமே பாழ். நேரம் குறித்துக்கொள்ளப் பல்கலைக்கழக மின்னஞ்சலையும் நம்பக்கூடாது. தனித் தொலைபேசி வேண்டும். ஆண்டறிக்கையில் எண்ணிக்கையும் பிரச்சினையின் வகையும் மட்டும் வரட்டும். ஒரு துறையிலிருந்து இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால், அந்தத் துறையின் பெயரைப் போடாமல் மற்றவற்றோடு சேர்த்துவிட வேண்டும். ஐந்தாறு துறைகளில் வரைவு ஆய்வேடு மாதக்கணக்கில் திருத்தப்படாமல் கிடப்பதாகத் தெரிந்தால், யாரையும் காட்டிக்கொடுக்காமலே துணைவேந்தரிடம் சொல்லி, வரைவைத் திருப்பித்தரக் கெடு நிர்ணயிக்க வைக்கலாம். இந்த அலுவலகத்தின் பெரிய பயன் இதுதான் என்பேன்.

ஒன்றை மட்டும் ஆய்வாளர்களுக்கு முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது முறையான புகார் ஆகாது. கெடுநாள் எதுவும் நின்றுவிடாது. பாலியல் தொந்தரவு பற்றிய எழுத்துப் புகார் உள்ளகக் குழுவுக்குச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ரகசியமாகப் பேசியாயிற்று என்று காத்திருந்து அந்தக் கெடுவை யாரும் தவறவிடக்கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர்,
மதுரை.